அப்பாவுக்குப் பேச்சு பாட்டு வழியாகத் திரும்பிய வருடம்

2022 எங்கள் வீட்டில் எப்படிப் போனது என்று யாராவது கேட்டால் எனக்கு மாதக் கணக்கில் சொல்ல வராது, பாட்டுக் கணக்கில்தான் வரும். இந்தப் பாட்டு பெற்றோல் வரிசை, அது ஆஸ்பத்திரி விறாந்தை, மற்றது கரண்ட் இல்லாத இரவு என்று ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. பாரிசவாதம் (பக்கவாதம்) வந்து பேச்சுப் போனவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு இதில் ஏதாவது ஒன்று உதவினாலும் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்பா இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச) பஸ்ஸில் 31 வருடம் கொண்டக்டராக இருந்தவர். எங்கள் ஊரான திருகோணமலையில் இருந்து கொழும்புக்குப் போகும் இரவு பஸ். நல்ல குரல். எங்கள் ஊர்க்காரர்கள் என்ற பெருமையில் பரமேஸ், கோணேஸ் சகோதரர்களின் பொப் பாட்டுகளை எந்தக் கல்யாண வீட்டிலும் பாடுவார். பஸ்ஸில் இலங்கை வானொலி போய்க்கொண்டே இருக்க, டிக்கெட் கிழிக்கும் கையால் கம்பியில் தாளம் போடுவாராம், அம்மா சொல்லுவார். அப்படிப்பட்ட மனிதர் பெப்ரவரியில் ஒரு நாள் விடியற்காலை கட்டிலில் இருந்து எழும்ப முடியாமல், வலது கையும் காலும் விழுந்து, வாய் கோணி, என்னைப் பார்த்து "தா தா தா" என்று மட்டும் சொன்னார். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். தூக்கத்திலேயே வந்ததால் எத்தனை மணிக்கு வந்தது என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை, விறாந்தையில் காத்திருந்தோம், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம் புரிந்தது. நாங்கள் சொல்வது அப்பாவுக்கு விளங்கியது. எது வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்தது. சொல் மட்டும் வரவில்லை. மூளையின் இடது பக்கத்தில் பேச்சை ஒழுங்குபடுத்தும் பகுதி அடிபட்டிருக்கிறது என்று டொக்டர் விளக்கினார். தண்ணீர் வேண்டும் என்பதற்குப் பத்து நிமிடம் போராடி, கடைசியில் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். சத்தமே இல்லாமல் அழுவார். அந்த நாட்களில் நான் செய்த பெரிய பிழை, அவர் வாய் திறக்கும் முன்பே "தண்ணியா அப்பா? சாரமா? பாத்ரூமா?" என்று நானே சொல்லி முடித்தது. பாசத்தில்தான் செய்தேன். அவருக்கு அது எவ்வளவு கோபம் தந்திருக்கும் என்று பிறகுதான் விளங்கியது.

இதற்கிடையில் பொருளாதார நெருக்கடியில் நாடு விழுந்துகொண்டிருந்தது. நான் வேலை செய்த உப்புவெளி ஹோட்டலில் பாதிச் சம்பளம் என்றார்கள், அப்புறம் வர வேண்டாம் என்றார்கள். எங்கள் கரையில் மே முதல் செப்டம்பர் வரைதான் சீசன், அந்த வருடம் சீசன் என்று ஒன்று வரவே இல்லை. காஸ் இல்லை, அம்மா வளவுக்குள் மூன்று கல் வைத்துச் சமைத்தார். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு.

அந்த மின்வெட்டு இரவுகளில் ஒன்றில்தான் அது நடந்தது. விளக்கு வைத்துவிட்டு அம்மா வழமை போல சம்பந்தரின் கோணமலைப் பதிகம் படித்துக்கொண்டிருந்தார். சம்பந்தர் இங்கே வராமலே, இராமேசுவரத்தில் இருந்தபடி எங்கள் ஊர்க் கோயில் கோணேசரைப் பாடினார் என்பது மரபு, அதை அம்மா ஒரு தனிப் பெருமையோடு சொல்வார். தெரிந்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பதிகத்தில் முதல் பத்துப் பாட்டும் ஒரே முடிவில்தான் முடியும். நான் வெளியே படியில் இருக்கிறேன். மூன்றாவது பாட்டோ நான்காவதோ, அம்மாவின் குரலுக்குக் கீழே இன்னொரு குரல் கேட்டது.

"கோணமாமலை அமர்ந்தாரே."

அம்மா பாட்டை நிறுத்திவிட்டார். "தம்பி, இஞ்ச ஓடி வா, அப்பா பாடுறார்" என்று கத்தினார். நான் போய் நின்றதும் அப்பா திரும்பவும் "தா தா" என்றார். அம்மா கெட்டிக்காரி, அழாமல் உடனே அடுத்த பாட்டைத் தொடங்கினார். முடிவு வந்த இடத்தில் அப்பாவும் வந்து சேர்ந்தார், ஒரு எழுத்துக்கூடக் குறையாமல். ஆறேழு வாரமாகத் தண்ணீர் என்று சொல்ல முடியாத வாய் அது.

அடுத்த கிளினிக்கில் பேச்சுச் சிகிச்சை தரும் மிஸ்ஸிடம் இதைச் சொன்னோம். அவர் ஆச்சரியப்படவில்லை. பேச்சு பெரும்பாலானவர்களுக்கு இடது மூளையில், ஆனால் இராகமும் தாளமும் வலது மூளையையும் பிடித்து வைத்திருக்கின்றன, அதனால் பேச முடியாத பலர் பாடுவார்கள் என்றார். ஆனால் அவசரப்பட வேண்டாம் என்றும் சொன்னார். மனப்பாடமான பாட்டு தானாக ஓடி வரும், அது பேச்சு ஆகாது, அதில் இருந்து பேச்சுக்கு ஒரு பாலம் கட்ட வேண்டும். அமெரிக்காவில் பொஸ்டனில் 1973இல் இதை ஒரு முறையாக எழுதி வைத்திருக்கிறார்களாம். அவர் காட்டித் தந்ததை நாங்கள் விளங்கிக்கொண்டபடி சொல்கிறேன், உங்கள் வீட்டில் செய்வதாக இருந்தால் ஒருவரிடம் நேரில் கேட்டே தொடங்குங்கள்.

தேவைப்படும் சின்ன வசனம் ஒன்றை எடுக்க வேண்டும். எங்களுக்கு அது "தேத்தண்ணி வேணும்". அதை மேலே ஒரு சுரம், கீழே ஒரு சுரம் என்று இரண்டே சுரத்தில் மெதுவாக இழுக்க வேண்டும். முதலில் வாய் மூடி முணுமுணுப்பது மட்டும். அப்போது அவருடைய இடது கையை நாம் பிடித்து, அசைக்கு ஒரு தட்டு. பிறகு சேர்ந்து பாடுவது. பிறகு நாங்கள் பாதியில் குரலை இறக்கிவிட, அவர் தனியாக முடிப்பது. அப்புறம் "என்ன வேணும் அப்பா?" என்று கேட்டு, அவரைப் பாட்டாகவே பதில் சொல்ல வைப்பது. இதெல்லாம் பழகிய பிறகுதான் இராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிப் பேச்சாக்குவது. நாங்கள் காலையில் இருபது நிமிடம், பின்னேரம் இருபது நிமிடம் இருந்தோம். களைத்துவிட்டால் நிறுத்திவிட வேண்டும், ஒரு நாள் நான் விடாமல் இழுத்ததில் அடுத்த இரண்டு நாள் அப்பா கையையே தரவில்லை.

தேத்தண்ணிக்கு ஐந்து வாரம் ஆனது. நான் சோர்ந்துபோனேன், உண்மையாகவே. அப்போது மட்டக்களப்பில் இருந்து அக்கா போனில் ஒன்று சொன்னா. "அப்பாக்குப் பாட்டு மட்டுமாடா பாடம்? பஸ்ஸில கூப்பிடுறது?"

அதை நான் எப்படி யோசிக்காமல் விட்டேன்! கொண்டக்டர் கூப்பிடுவதே ஒரு பாட்டுத்தானே. 31 வருடம் ஒரே மெட்டில் கூப்பிட்டவர். அன்று பின்னேரமே கட்டிலின் சட்டத்தை இடது கையால் தட்ட வைத்து, "கந்தளாய் ஹபரணை" என்று நான் தொடங்க, அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார், மெட்டுப் பிழை என்கிற பார்வை. பிறகு அவரே இழுத்தார். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல், கொழும்பு கொழும்பு கொழும்பு. ஒன்றும் மாறவில்லை. அதே மெட்டில் "தேத்தண்ணி தேத்தண்ணி வேணும் வேணும்" வந்தது, "கதவைச் சாத்து", "கால் நோகுது" வந்தது. அம்மா குசினியில் இருந்து "எங்க இறங்கிறது?" என்று கேட்பார், அப்பா "பாத்ரூம் பாத்ரூம்" என்பார். நோய் வந்த பிறகு அப்பா சிரித்தது அப்போதுதான்.

மே 9 பிரதமர் பதவி விலகி, அடுத்த நாள் எங்கள் ஊர்க் கடற்படைத் தளத்துக்கு வந்து சேர்ந்த செய்தியும் ஊரடங்கும் கூட எனக்கு அந்த "கொழும்பு கொழும்பு" சத்தத்துக்குப் பின்னால்தான் கேட்கிறது. மருந்து முடிந்து இரண்டு நாள் என்ற பயத்திலும் பயிற்சியை நாங்கள் விடவில்லை.

இனி நான் சொல்லத் தயங்கிய பகுதி. அப்பாவின் பாட்டுகள் அவரைத் தூக்கிவிட்டன, என்னுடைய பாட்டுகளுக்கு என்ன நடந்தது என்று அந்த வருடம் முழுக்க யாருக்கும் சொல்லவில்லை.

என் போனில் எண்பதுகளின் இளையராஜா பாட்டுகள் முப்பது முப்பத்தைந்து இருக்கும். பள்ளிக்கூட நாளில் இருந்து கேட்டு வருகிறவை. ஜூன் கடைசியில் பெற்றோல் 470 ரூபாய்க்குப் போய், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று விற்பனையையும் நிறுத்தினார்கள். சீனக்குடாவில் பிரிட்டிஷ் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கிற ஊரில் நாங்கள் போத்தலோடு அலைந்தோம். கிளினிக்குக்கு ஆட்டோ பிடிக்கக் காசு இல்லை, என் மோட்டார் சைக்கிளில் அப்பாவை ஏற்ற முடியாது, பக்கத்து வீட்டு அண்ணாவின் ஆட்டோவுக்கு நான் பெற்றோல் கொண்டுவந்து கொடுத்தால் அவர் ஏற்றிப் போவார் என்பது ஏற்பாடு. ஜூலை நடுப்பகுதியில் ஒரு நாள் பெற்றோல் ஏற்றி வரும் பவுசர் வரும் என்று சொன்னார்கள், நான் மோட்டார் சைக்கிளை வரிசையில் விட்டுவிட்டு இரண்டு இரவு வீதியோரம் படுத்தேன்.

இரண்டாவது இரவு போனில் சார்ஜ் கொஞ்சம்தான் மிச்சம். சார்ஜ் நிற்கட்டும் என்று அழைப்பு வராதபடி ஃபிளைட் மோடில் போட்டு, ஒரு காதில் மட்டும் ஹெட்ஃபோன் வைத்து, எனக்கு மிகப் பிடித்த பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அது எந்தப் பாட்டு என்று இங்கே எழுதவில்லை. அந்த இரவு மழைக்காற்று அடித்தது, எனக்குப் பல மாதங்களுக்குப் பிறகு மனது லேசாக இருந்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை.

அதே நேரம் அப்பா கட்டிலால் விழுந்திருக்கிறார். அம்மா ஏழு முறை எடுத்திருக்கிறார். காலையில் போனைச் சரியாக்கியபோதுதான் எனக்குத் தெரிந்தது. அண்ணா தன் ஆட்டோவில் ஒதுக்கி வைத்திருந்த கடைசிச் சொட்டுப் பெற்றோலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். நெற்றியில் தையல், இடுப்பில் அடி, எலும்பு முறியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா என்னைத் திட்டவில்லை, திட்டச் சொல்லும் இல்லை. அம்மாவும் திட்டவில்லை. எட்டு நாளைக்குப் பயிற்சி நின்றுபோனது, அதற்குப் பிறகு "கந்தளாய்"இல் இருந்து திரும்பத் தொடங்கினோம்.

அந்தப் பாட்டை நான் அழித்துவிட்டேன். அழித்தும் என்ன, தேத்தண்ணிக் கடையில் போடுவார்கள், பஸ்ஸில் போடுவார்கள். முதல் வயலின் சத்தத்திலேயே வயிறு பிசையும், இறங்கி நடந்துவிடுவேன். ஓகஸ்ட்டில் கியூஆர் கோட் காட்டி அளவாகப் பெற்றோல் வாங்கும் முறை வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் என்று ஒழுங்கானது, வரிசை குறைந்தது, ஆனால் எனக்கு அந்தப் பாட்டில் வரிசை அப்படியே நின்றது. நல்ல பாட்டைக் கெட்ட நாளில் செலவழித்துவிட்டேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

டிசம்பர் கடைசியில் திருவெம்பாவை தொடங்கிய கிழமை, அதிகாலையில் சங்கும் சேமக்கலமும் கேட்டு அப்பா விழித்துவிடுவார், நானும் அவரோடு விறாந்தையில் இருப்பேன். அப்போது அவர் இராகம் இல்லாமலே பதினைந்து இருபது வசனம் பேசினார். என் பெயர் மட்டும் வரவில்லை, "தம்பி" வந்துவிட்டது, அது போதும். ஒரு நாள் காலை பக்கத்து வீட்டு ரேடியோவில் அந்தப் பாட்டுப் போனது. நான் எழும்பினேன். அப்பா இடது கையால் கதிரையைத் தட்டத் தொடங்கிவிட்டார், பயிற்சியில் தட்டுவது போல அசைக்கு ஒரு தட்டு. நிறுத்தாமல் என் முகத்தைப் பார்த்து, "இரு தம்பி" என்றார். மெட்டில் இல்லை. சாதாரணமாகச் சொன்னார்.

இருந்தேன். பாட்டு முடியும்வரை இருந்தேன்.

இப்போது அது என் போனில் திரும்பவும் இருக்கிறது. கேட்கிறேன். இரண்டாவது சரணம் வரும் இடத்தில் மட்டும் கை தானாகப் போனை எடுத்து, அம்மாவிடம் இருந்து ஏதாவது அழைப்பு தவறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வைக்கும்.