இரண்டு பாகைச் சாய்வு

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைத் தெற்கே உள்ள மணற்பரப்பில் நின்று காலை வெயிலில் எடுத்த படம் ஒன்றைக் கணினியில் திறந்தபோது, வலப்புறத்துக் கடல் உயர்ந்தும் கோயில் இருக்கும் இடப்புறம் தாழ்ந்தும் கிடந்தது. எடுக்கும்போது கருவறைக்கு மேல் எழும் விமானத்தின் நுனியைச் சட்டகத்துக்குள் கொண்டுவருவதிலேயே கவனம் இருந்ததால் கை சாய்ந்ததை நான் உணரவில்லை.

நேராக்குவதற்கு எந்தக் கோட்டை நம்புவது என்பதுதான் முதல் கேள்வி. என் கண் முதலில் கரையைத்தான் பிடித்துக்கொண்டது. அதைக் கிடைமட்டமாக்கியதும் கோயில் கவிழப்போவதுபோல் ஆயிற்று. கரை நம்மிடமிருந்து விலகி ஓடும் கோடு, ஆகவே அது படத்தில் சாய்ந்து தெரிவதுதான் இயல்பு. கடலும் வானமும் சந்திக்கும் தொடுவானம் மட்டுமே உண்மையான மட்டம். கோபுரம், விமானம் ஆகியவற்றின் செங்குத்துக் கோடுகளையும் அப்படியே நம்பிவிட முடியாது. கேமராவை அண்ணாந்து பிடித்திருந்தால் அவை மேலே போகப்போக ஒன்றையொன்று நோக்கிச் சாயும், படத்தைச் சுழற்றுவதால் அந்தச் சாய்வு போகாது.

தொடுவானத்தை வைத்து அளந்தபோது சாய்வு 2 பாகை. கேட்பதற்கு அற்பம்தான். ஆனால் 6000க்கு 4000 பிக்சல் கொண்ட படத்தை 2 பாகை சுழற்றி, மூலைகளில் விழும் வெற்றிடங்களை நீக்கி, அதே 3:2 விகிதத்தில் வெட்டினால் ஏறத்தாழ 5700க்கு 3800 மட்டுமே மிஞ்சுகிறது. அதாவது பரப்பில் பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. எனக்குப் பிக்சல் போனதைப் பற்றிக் கவலை இல்லை. சுழற்றியதில் இடப்புறம் மேலேறியதால், ஏற்கெனவே மேல்விளிம்பை உரசிக்கொண்டு நின்ற விமானத்தின் நுனி வெட்டுப்பட்டதுதான் உறுத்தியது.

எடுத்த படத்தை வெட்டக் கூடாது என்பதில் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் பிடிவாதக்காரர். அவரே 1932இல் பாரிஸின் சான்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் வேலியின் இடுக்கு வழியாக எடுத்த படத்தை, ஓரத்தில் விழுந்த பலகையை வெட்டி நீக்கிய பிறகே அச்சிடவேண்டியிருந்தது. எனக்கு அவ்வளவு கொள்கைப்பற்றும் கிடையாது. ஆகவே 3:2 விகிதத்தைக் கைவிட்டேன்.

சுழற்றிய படத்தில் வெட்டும் அகலம் குறையக்குறைய, உயரத்தில் இழப்பதும் குறையும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்துக்கு 3800 பிக்சல் உள்ள சதுரம் ஒன்றை இடப்புறமாகவும் சற்று மேலாகவும் நகர்த்தி வைத்ததும் விமானத்தின் நுனி முழுதாகத் திரும்பி வந்தது, அதற்கு மேலே சிறிது வானமும் கிடைத்தது. வலப்புறத்தில் கடல்மேல் சிதறிக் கிடந்த வெயில் பெரும்பாலும் போயிற்று. அதில் எனக்கு வருத்தம் உண்டு என்றாலும், தொடுவானம் ஒரு விரற்கடை அளவுக்கேனும் எஞ்சியிருக்குமாறு பார்த்துக்கொண்டேன், ஏனெனில் அது இல்லாவிட்டால் படம் நேராக இருக்கிறது என்பதற்குச் சாட்சியே இல்லை.

மூலப் படத்தைத் தொடாமல், வெட்டியதைத் தனிக் கோப்பாகச் சேமித்தேன். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 12 அங்குலச் சதுர அச்சுக்கு 3600 பிக்சல் போதும். எனவே அச்சுக்குக் கொடுக்கும்போது இன்னும் 200 பிக்சலை இழக்க இடம் இருந்தது, அதில் கீழ்விளிம்பில் கிடந்த பிளாஸ்டிக் பை ஒன்றும் ஒழிந்தது.