பூவரசடிப் பொட்டு

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருடா வருடம் வேலி அடைத்த அப்பு போன மாதம் காலமாகிவிட்டாராம். ஊரிலிருந்து கூட்டாளி ஒருவன் தொலைபேசியில் சொன்னான். 'அப்பு' என்று இப்போதுதான் எழுதுகிறேன். அன்று நாங்கள் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டோம், அதுவும் வா, போ என்று. அவருக்கு எங்கள் அப்பாமாரின் வயது.

1978 இல் நான் ஒன்பதாம் வகுப்பு. பூவரசடிப் பொட்டால், அதாவது வேலியில் இருந்த ஓட்டையால், வெளியே போய்ப் பிடிபட்டேன். அடி விழவில்லை. சனிக்கிழமை முழுக்க வேலி அடைக்க உதவ வேண்டும் என்று அதிபர் சொல்லிவிட்டார்.

றோட்டுப் பக்கம் நான், உள்பக்கம் அவர். ரியூஷனுக்குப் போன பெடியள் சைக்கிளை நிறுத்தி நின்று பார்த்தார்கள். அழுகை வந்தது. நான் குத்தூசியைச் செருக, அவர் கயிற்றைக் கோத்துவிட வேண்டும். பின்னிய தென்னோலைக் கிடுகுக்குள்ளால் ஆள் தெரியாது. ஆத்திரத்தில் கண்டபடி குத்தினேன். இரண்டு தரம் அவர் கையில் ஏறிவிட்டது. ஏசவில்லை. "குத்த முதல் ஒரு குரல் குடுங்கோ தம்பி" என்றார், அவ்வளவுதான். அப்புறம் ஒவ்வொரு கட்டுக்கும் குரல் கொடுத்தேன். றோட்டை மறந்துபோனேன்.

பூவரசடிக்கு வந்ததும் கிடுகை மேலே மட்டும் கட்டினார்.

"கீழ கட்டேல்லையே?"

"விடியத் தோட்டத்தில தண்ணி மாறிப்போட்டு வாற பெடியள் இருக்கினம். கேற் பூட்டினாப் பிறகு அதுகள் எதால உள்ளுக்கு வாறது?"

நான் வெளியே ஓடப் பாவித்த பொட்டு, பிள்ளைகள் உள்ளே வரட்டும் என்று அவர் விட்டது.

அடுத்த மாதம் எங்கள் வீட்டு வேலிக்கு வந்தார். அம்மா எனக்குக் கிளாசில் தேத்தண்ணி தந்தா. அவருக்கு, வேலிக் கதியாலில் கவிழ்த்திருந்த தகரப் பேணியில் ஊற்றினா. நான் பேசாமல் வாங்கிக் குடித்தேன். அவர் பேணியைக் கழுவி, இருந்த இடத்திலேயே கவிழ்த்துவிட்டு வேலையைத் தொடங்கினார்.

1984 இல் வெளிக்கிட்டபோது ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவரிடம் போகவில்லை.

2014 இல் யாழ்தேவி திரும்பவும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது. அடுத்த வருடம் அதில் போனேன். வேலி இருந்த இடமெல்லாம் மதில். எங்கள் சங்கம் அனுப்பிய காசில் கட்டியது, நானும் கொடுத்திருக்கிறேன். பூட்டிய கேற்றடியில் இரண்டு பிள்ளைகள் சைக்கிளோடு நின்றார்கள்.

அப்பு அப்போது இரண்டு மைல் தள்ளி, மகள் வீட்டில் இருந்திருக்கிறார். நான் விசாரிக்கவே இல்லை.