எட்டுப் பேர்

"குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா?" என்று கேட்டது மருத்துவப் படிவம். தாத்தா, பாட்டி வரை பேனா ஓடியது.

அதற்கு மேல் நகரவில்லை.

நோய் கிடக்கட்டும், பெயரே தெரியாது. எல்லோருக்கும் போல எனக்கும் கொள்ளுத்தாத்தாக்கள் 4 பேர், கொள்ளுப்பாட்டிகள் 4 பேர். அவர்களும் சொத்துக்காகச் சண்டை போட்டிருப்பார்கள், யாரிடமோ வருடக்கணக்கில் முகம் கொடுக்காமல் இருந்திருப்பார்கள். எல்லாம் போன இடம் தெரியவில்லை.

என் காதுச் சோணை மட்டும் தொங்காமல் கன்னத்தோடு ஒட்டியிருக்கும். அம்மாவுக்கும் அப்படித்தான், பாட்டிக்கும் அப்படித்தான். அந்த எட்டுப் பேரில் யாரோ ஒருவருடைய காது இது. ஒவ்வொருவரும் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுவைக் கொடுத்திருக்கிறார்கள், பெயரைத்தான் கொடுக்கவில்லை.

இன்னும் மூன்று தலைமுறையில் என் கதியும் இதுதான். முன்பெல்லாம் இதை நினைத்தால் தூக்கம் போய்விடும். இப்போது அவ்வளவாக உறுத்தவில்லை.

காதை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும். என் பாஸ்போர்ட் புகைப்படத்தைப் பார்த்துச் சிரிக்க ஒருவரும் மிஞ்சமாட்டார்கள் என்பதில் எனக்குப் பரம திருப்தி!