ஓட்டை விழுந்த கலம் என்ன செய்யும்?

பற்றீரியா வளர்க்க இரத்தம் கலந்து செய்யும் குருதி ஏகார் தட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஸ்ரெபிலோகொக்கஸ் என்ற பற்றீரியா வளர்ந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பே இருக்காது, கண்ணாடி மாதிரித் தெளிந்து கிடக்கும். பற்றீரியா விட்ட நச்சு அங்கிருந்த செங்குருதிக் கலங்களை உடைத்துவிட்டது. போன வாரம் ஆய்வுகூடத்தில் இதைக் காட்டியபோது ஒரு மாணவி கேட்டார்: “சேர், இவ்வளவு லேசா உடைக்குமெண்டா எங்கட தோலில, மூக்கில இருக்கிற கலமெல்லாம் ஏன் உடையல்ல?”

என் ஆராய்ச்சியே இந்தக் கேள்விதான்.

எதிர்ப்புச் சக்தி என்றதும் எல்லோரும் வெண்குருதிக் கலத்தையும் பிறபொருளெதிரியையும் சொல்வார்கள். சரி, ஆனால் அவை வந்து சேரும்வரை சாதாரணக் கலம் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்கிறது, அதைப் பற்றி நாங்கள் போதிய அளவு படிப்பிப்பதில்லை.

ஸ்ரெப்டோகொக்கஸ் என்ற வேறொரு பற்றீரியா விடும் ஸ்ரெப்டோலைசின் ஓ என்றொரு நச்சு. கலத்தை மூடியிருக்கும் மென்சவ்வில் உள்ள கொலஸ்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு, பல மூலக்கூறுகள் வளையமாகச் சேர்ந்து, 25, 30 நனோமீற்றர் அகலத்துக்கு ஓட்டை போடும். கலத்துக்குள் இருப்பதைவிட வெளியே கல்சியம் ஏறத்தாழ 10,000 மடங்கு அதிகம், ஆகவே ஓட்டை விழுந்ததும் அது உள்ளே பாயும். அந்தப் பாய்ச்சலை வைத்துத்தான் கலம் உடைப்பை அறிகிறது. ஓட்டை விழுந்த துண்டைக் குமிழாகக் கிள்ளி வெளியே தள்ளிவிட்டுச் சில நிமிடங்களில் மூடிக்கொள்ளும். கல்சியம் இல்லாத திரவத்தில் அதே அளவு நச்சைப் போட்டால் கலங்கள் செத்துப்போகும்.

மட்டக்களப்புப் படுவான்கரையில் எங்கள் வயலில் மாரி மழைக்கு வரம்பு உடைத்தால், தண்ணீர் பாயும் சத்தம் கேட்டே அப்பா இருட்டில் மண்வெட்டியோடு ஓடுவார். நண்டு போட்ட துளை அப்படியில்லை. சத்தமே வராது, விடியப் போய்ப் பார்த்தால் வயல் வற்றிக் கிடக்கும்.

ஸ்ரெபிலோகொக்கஸின் அல்பா நச்சு அந்த நண்டுத் துளைதான். 7 மூலக்கூறுகள் சேர்ந்து போடும் ஓட்டை ஒன்றிரண்டு நனோமீற்றர்தான், பொற்றாசியம் வெளியே கசியும், கல்சியம் பெரிதாக உள்ளே வராது, அதனால் கலம் மீள மணிக்கணக்காகும். சின்ன ஓட்டைதான் கூடுதல் கஷ்டம்! நுண்ணுயிர்க்கொல்லி பற்றீரியாவைக் கொன்றாலும் ஏற்கெனவே வெளியே வந்த நச்சு அப்படியே இருக்கும் என்பதால், கலம் எப்படி மீள்கிறது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அந்த மாணவிக்குச் சொன்ன பதில் இதுதான்: செங்குருதிக் கலத்துக்குக் கருவும் இல்லை, உள்ளே மற்றக் கலங்களில் இருக்கும் மென்சவ்வுப் பைகளும் இல்லை, திருத்திக்கொள்ளும் வசதி மிகக் குறைவு. அப்புறம் அவரே கேட்டார், “அப்ப தோல் கலத்தில போட்டுப் பாப்பமா சேர்?”

புதன்கிழமை போட்டுப் பார்க்கப்போகிறோம்.