எட்டாவது தட்டு

ஜூலை 7, திங்கள்
வகுப்பில் திருக்குறளை ராப்பாகச் சொல்லவைக்கிறேன். தாள வேகம் 90 வைத்தது தப்பு. நிமிடத்துக்கு 90 தட்டு என்றால் நாலு தட்டுக்கு மூன்று விநாடிகூட இல்லை. ஒன்பதாம் வகுப்பு வாய்க்குள் 'எழுத்தெல்லாம்' சிக்கிக்கொள்கிறது. நாளைக்கு 75.

ஜூலை 8, செவ்வாய்
75 சரி. போன் ஸ்பீக்கர்தான் உதவாது. அதில் அடித்தொனி எழும்பாது. நாற்பது பேர் வகுப்பில் 'கிக்' என்ற கனத்த முரசுச் சத்தம் கடைசி பெஞ்சுக்குப் போகவே இல்லை. பெஞ்சையே தாளமாக்கியாயிற்று: 1, 3-க்கு உள்ளங்கை அடி, 2, 4-க்குக் கைதட்டல். எல்லாரும் தட்டினால் வேகம் ஏறிவிடுகிறது. இரண்டு பேர் மட்டும் தட்டினால் நிற்கிறது.

ஜூலை 10, வியாழன்
குறளுக்கு ஏழு சீர். ஒரு பாருக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, நாலு தட்டு, இரண்டு பாருக்கு எட்டு. சீருக்கு ஒரு தட்டு வைத்தால்: அகர, முதல, எழுத்தெல்லாம், ஆதி. அடுத்த பாரில் பகவன், முதற்றே, உலகு. எட்டாவது தட்டு காலி!

'எழுத்தெல்லாம்' மூன்று அசை, ஓட வேண்டும். 'ஆதி' இரண்டே அசை, நிதானமாக இழுக்கலாம். புளிமாங்காய், தேமா என்று கரும்பலகையில் எழுதியபோது பிடிபடாத வித்தியாசம் நாக்குக்குப் பிடிபடுகிறது. எதுகையும் அப்படித்தான்: அகர, பகவன் இரண்டிலும் அந்த 'க', பாரின் முதல் தட்டை ஒட்டியே விழுகிறது.

ஜூலை 11, வெள்ளி
எட்டாவதில் 'ஏய்' என்று கத்துகிறார்கள். கத்த விடக் கூடாது. அந்தத் தட்டு மூச்சுக்கான இடம்.

ஜூலை 14, திங்கள்
இனி மாணவர்களின் சொந்த வரி. தலைப்பு ஒளிச்சேர்க்கை. 'விண்மீன் இமைக்கும்' என்று ஒரு வரி. இயைபுக்காக, கடைசி ஓசை ஒத்துவர, அடுத்தது 'இலை இரவில் சமைக்கும்'. வெளிச்சம் இல்லாமல் எப்படிச் சமைக்கும்? ஓசை உண்மையை இழுத்துக்கொண்டு போகும், கவனிக்காவிட்டால் அந்தப் பிழையே மனப்பாடமாகும். வரிசையை மாற்ற வேண்டும். முதலில் ஐந்து வாக்கியம், சாதாரண உரைநடையில். அதைத் திருத்திய பிறகு கடைசிச் சொல். அதன்பிறகே தட்டு எண்ணிக்கை. தொடக்கத்துக்கு நாலு பார் போதும். பதினாறு கேட்டால் வெற்றுச் சொல்லால் நிரப்புவார்கள்.

ஜூலை 16, புதன்
சைஃபர்: வட்டமாக நின்று ஆளுக்கு ஆள் மாறி ராப் சொல்வது. பெஞ்சை நகர்த்தி வட்டம் போட்டால் ஏழு நிமிடம் போகிறது. சுவர் ஓரமாக நின்றாலே வட்டம்தான். ஆளுக்கு இரண்டு பார். சொல்ல விருப்பமில்லாதவர் அந்த இரண்டு பாரையும் கையால் தட்டிக் கடத்தலாம். தாளம் அறாது, யாருக்கும் தலைகுனிவும் இல்லை. எதிராளியின் வரியைச் சீண்டலாம். நிறம், உருவம், சாதி, வீட்டார் பற்றி ஒரு சொல் வந்தாலும் வட்டம் அங்கேயே நிற்கும். இதில் தளர்வே கிடையாது.

ஜூலை 18, வெள்ளி
ஹிப்-ஹாப் பிறந்த, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதிக் கதைக்குப் பத்து நிமிடம். 1973 ஆகஸ்ட் 11, செட்ஜ்விக் அவென்யூ 1520. பள்ளி திறக்கும் முன் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்க சிண்டி கேம்ப்பெல் வைத்த விருந்து. இசைத்தட்டு சுழற்றியது அண்ணன் கூல் ஹெர்க். பள்ளிக்கூடத் துணிக்காக என்றதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஜூலை 21, திங்கள்
மறுபடி 'ஏய்'.

ஜூலை 22, செவ்வாய்
'ஏய்' போய்விட்டது. இப்போது 'உலகூ' என்று இழுத்து எட்டாவதை மூடுகிறார்கள். அந்தக் 'கு' குற்றியலுகரம், அரை மாத்திரைதான். வெட்டென்று விட்டால்தான் அடுத்த தட்டு காலியாகக் கேட்கும். நாளைய முதல் பாடவேளை முழுக்க இந்த ஒரு எழுத்துக்கு.