இயோசினோபில்: 0

"எனக்கு ஈஸ்னோபீலியா இருக்கு" என்று சொல்லாத குடும்பம் தமிழ்நாட்டில் குறைவு. தும்மல், ராத்திரி இருமல், தோல் அரிப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து அது ஒரு நோயின் பெயராகவே புழங்குகிறது. அதனால் இயோசினோபில் என்ற அந்த வெள்ளையணு ரத்தத்தில் ஏறினால்தான் எல்லோர் கண்ணிலும் படுகிறது. ரிப்போர்ட்டில் அதே வரி 0 என்று வந்தால் நோயாளி "நல்லதாப் போச்சு" என்கிறார். மருத்துவரும் பெரும்பாலும் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். ஐப்பசி தொடங்கி மாசி வரை காய்ச்சல்காரர்கள் வரிசை கட்டும் மாதங்களில் கவனிக்க வேண்டியது அந்த 0தான்; உண்ணிக் காய்ச்சல் போன்ற கடும் தொற்றுக்கு அது ஒரு துப்பு.

முதலில் பெயர்க் குழப்பம். நாளிதழ்கள் "உண்ணிக் காய்ச்சல்" என்று எழுதுவது அநேகமாக ஸ்க்ரப் டைபஸ். அதைக் கடத்துவது உண்ணியே அல்ல, புதரில் இருக்கும் சிற்றுண்ணியின் லார்வா. வெறுங்கண்ணுக்குப் பிடிபடாத அளவுதான் இருக்கும். கிருமியின் பெயர் ஒரியன்சியா சுட்சுகாமுஷி. நிஜமான உண்ணி பரப்புவது வேறு: நாய் உண்ணி வழியாக வரும் இந்திய உண்ணி டைபஸ், காட்டு உண்ணி வழியாக வரும் கியாசனூர் காட்டுக் காய்ச்சல். பின்னது 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா பக்கம் கண்டறியப்பட்டது, குரங்குக் காய்ச்சல் என்றும் பெயர். அது வைரஸ்; டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் அங்கே எடுபடாது. டைபஸ் இரண்டுக்கும் எடுபடும்.

ஸ்க்ரப் டைபஸில் கடிவாயில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு பலருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது, ஆகவே நோயாளி அதைச் சொல்ல மாட்டார். அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடிப்பக்கம், காதுக்குப் பின்புறம், பாவாடை நாடா இறுகும் இடம் எல்லாம் விலக்கிப் பார்த்தால்தான் தெரியும். ஈரமான மடிப்புகளில் கறுப்பு இல்லாமல் வெறும் புண்ணாகவும் இருக்கும். வீல்-ஃபெலிக்ஸ் என்ற ரத்தப் பரிசோதனை முதல் வாரத்தில் பல சமயம் நெகட்டிவ். எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் ஐஜிஎம் எலிசாவும் ஆரம்ப நாட்களில் கைவிடும். அந்த இடைவெளியில் கையில் இருப்பது சாதாரண ரத்த எண்ணிக்கை மட்டுமே.

கடுமையான தொற்று வந்ததும் உடம்பு, சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பியின் ஹார்மோனான கார்ட்டிசோலைக் கூட்டுகிறது. இயோசினோபில்கள் ரத்தத்தைவிட்டு விலகுகின்றன, சில மடிகின்றன, எலும்பு மஜ்ஜையும் புதியவற்றை வெளியே விடுவதில்லை. ரத்தத்தில் இந்த அணு தங்குவதே சில மணி நேரம்தான் என்பதால் வீழ்ச்சி அன்றைக்கே தெரியும். 1948இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் தோர்ன் இதையே அட்ரினல் சோதனையாக்கினார்: அட்ரினலைத் தூண்டும் ஏசிடிஹெச் ஹார்மோனை ஊசியாகப் போட்டு நாலு மணி நேரம் கழித்து எண்ணும்போது இயோசினோபில் பாதிக்கு மேல் குறைந்தால் சுரப்பி வேலை செய்கிறது. சோதனை வழக்கொழிந்துவிட்டது, பாடம் ஒழியவில்லை. ரத்த அழுத்தம் சரிந்து கிடப்பவரின் ஸ்மியரில் (கண்ணாடியில் பூசிச் சாயமேற்றிய ரத்தத்தில்) இயோசினோபில் தாராளமாகத் தெரிந்தால் அட்ரினலைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆனால் 0 காய்ச்சலுக்குப் பெயர் சூட்டாது. டைபாய்டிலும் அதே 0 வரும், நிமோனியாவிலும் வரும். அதன் பயன் மறுபக்கத்தில்: ஐந்தாம் நாளும் 102 டிகிரி அடிக்கிற ஒருவருக்கு 6 சதவீதம் இயோசினோபில் இருந்தால், டைபஸ் என்ற முடிவை ஒருமுறை மறுபடி யோசிக்கலாம். குடற்புழு உள்ளவர் இதற்கு விலக்கு. அவருடைய வழக்கமான அளவே மைக்ரோலிட்டருக்கு 1,500 என்றால், 300க்கு இறங்கியிருப்பதும் வீழ்ச்சிதான். ரிப்போர்ட் அதை நார்மல் என்று அச்சிடும்.

இத்தனையும் எண்ணிக்கை சரியாக இருந்தால். கையால் 100 வெள்ளையணு எண்ணி 0 என்று எழுதுவதில் உள்ள பிழையைப் பலரும் உணர்வதில்லை. நூற்றில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றாலும் உண்மை அளவு 3 சதவீதம் வரை இருக்கலாம்; மொத்த வெள்ளையணு 6,000 என்றால் அது மைக்ரோலிட்டருக்கு 180, அதாவது முழு ஆரோக்கியம். கட்டம் போட்ட எண்ணும் கண்ணாடியான நியூபவர் சேம்பரில் நேரடியாக எண்ணுவதே தேவலை. பிப்பெட்டில் 1 வரை ரத்தம், 11 வரை டங்கர் திரவம். அதிலுள்ள அசிட்டோனும் தண்ணீரும் மற்ற அணுக்களைக் கரைத்துவிடும், இயோசின் சாயம் நமக்கு வேண்டியதைச் சிவப்பாக்கும். ஈரப்பஞ்சு வைத்த பெட்ரி டிஷ்ஷில் 10 நிமிடம் மூடிவைத்து, ஒன்பது கட்டங்களையும் எண்ணி 11.1ஆல் பெருக்கினால் விடை. இங்கே 0 வந்தால் உண்மை அளவு ஏறக்குறைய 33க்குள். அரை மணிக்கு மேல் போட்டுவைத்தால் இயோசினோபிலும் கரையத் தொடங்கும். அது நாமே தயாரித்த 0.

ஸ்மியரில் வேறு வில்லங்கம். லீஷ்மன் சாயம் 2 நிமிடம், பிறகு இரு மடங்கு பஃபர் 10 நிமிடம், அமில-கார அளவு 6.8. பஃபருக்குப் பதில் போர்வெல் தண்ணீரை ஊற்றினால் காரத்தன்மை ஏறி, துகள்களின் ஆரஞ்சு நிறம் மங்கிச் சாம்பலாகும். இயோசினோபில்கள் நியூட்ரோபில் என்ற வேறு வெள்ளையணுவின் கணக்கில் சேர்ந்துவிடும். பெரிய அணுக்கள் வாலிலும் ஓரத்திலும் ஒதுங்கும் என்பதால் நடுவில் மட்டும் எண்ணினாலும் குறையும்.

எண்ணிக்கையைவிட முக்கியமான கேள்வி ஒன்று ரத்தம் எடுக்கும்போதே கேட்கப்பட வேண்டும்: "வெளியில ஊசி போட்டீங்களா?" காய்ச்சலுக்கு டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்து போட்டிருந்தால் சில மணி நேரத்தில் இயோசினோபில் காணாமல் போகும். அந்த 0 ஊசியின் 0, கிருமியினுடையது அல்ல.

ரத்தத்தில் இல்லையென்றால் உடம்பிலேயே இல்லை என்றும் ஆகாது. இந்த அணுவின் நிரந்தர முகவரி திசுக்கள், குறிப்பாகக் குடல். 1939இல் ஒட்டுண்ணி ஆய்வாளர் வில்லியம் டிரேகர், உண்ணி ஒருமுறை கடித்த கினிப் பன்றிகளில் அடுத்த தடவை உண்ணிகளால் சரியாக ரத்தம் குடிக்க முடியவில்லை என்று காட்டினார். அப்படி மறுகடி வாங்கிய தோலில் பேசோஃபில் என்ற வெள்ளையணுக்களும் இயோசினோபில்களும்தான் குவிந்து நிற்கின்றன. வீட்டுத் தூசிச் சிற்றுண்ணியும் இதே வகையறா, ஆனால் அது ஆஸ்துமாக்காரருக்கு இயோசினோபிலை ஏற்றிவிடும். ஒரே குலம், ஒன்று ஒவ்வாமை தருகிறது, இன்னொன்று கிருமியை இறக்குகிறது.

டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், காலை இரவு, 7 நாள். ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணியாவது படுக்காமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் நோய் வேறாகவோ, சிக்கல் முற்றியதாகவோ இருக்கும். இறங்கினால், அடுத்தடுத்த ஸ்மியர்களில் ஒன்றிரண்டு ஆரஞ்சு அணுக்கள் எட்டிப்பார்க்கும்.

அவை திரும்பி வந்து 1,500ஐத் தாண்டி ஏறினால் அது அடுத்த கதை. வலிப்பு மருந்துகளான ஃபெனிடாயின், கார்பமாசெபின், யூரிக் அமிலத்துக்கான அல்லோபூரினால் தொடங்கிச் சில வாரங்களே ஆனவரா என்று பார்க்க வேண்டும். 3,000க்கு மேல் போய் ராத்திரி இருமலும் இருந்தால் யானைக்கால் புழு. 1940இல் ஆந்திரத்தின் மதனப்பள்ளி காசநோய் சானடோரியத்தில் காசநோயைப் போலத் தோற்றமளித்ததாகப் பதிவான அதே நோய். மலம் பார்க்காமல் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை எழுதிவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. வெறுங்காலோடு வயலில் இறங்குபவரின் குடலில் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற புழு இருக்கலாம். ஒரே மலப் பரிசோதனையில் அது தப்பிவிடும், மூன்று நாள் பார்க்க வேண்டும். அதற்கு மருந்து ஐவர்மெக்டின், உடல் எடையில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். அதைக் கொடுக்காமல் ஸ்டீராய்டு கொடுத்தால் புழு பெருகி நுரையீரல், மூளை என்று பரவும். அந்தக் கட்டத்தில் ரிப்போர்ட்டில் பெரும்பாலும் மறுபடியும் 0 வரும்.