மைக்கோபிளாஸ்மாவிடம் ஐந்து மாதத்தை இழந்த கதை

போன வாரம்தான், மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ இல்லாத 'ரோ-ஜீரோ' செல்களின் ஆக்சிஜன் அளவீடு சரியாக வந்தது. ஐந்து மாதம் முன்பே வந்திருக்க வேண்டியது; செல் கல்ச்சரில் தெரியாமல் புகுந்து வளரும் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியாவால் தள்ளிப்போனது. புற்றுநோய் செல்லில் மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றி வேலை தொடங்கப் போகிறவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காவது இந்த அலைச்சல் மிச்சமாகும் என்றுதான் எழுதுகிறேன்.

புற்று செல்லிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவை முழுக்க நீக்கிவிட்டால் அது எப்படிப் பிழைக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. வழிமுறை புதிதல்ல. 1989இல் கிங்கும் அட்டார்டியும் மனித எலும்புப் புற்று செல்களில் செய்து காட்டியதுதான். டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்ளும் சாயமான எத்திடியம் புரோமைடில், குறைந்த அளவில், மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம், செல்களை வாரக்கணக்கில் வளர்க்க வேண்டும். 16,569 எழுத்துள்ள அந்தச் சின்ன மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ வளையம் பிரதியெடுக்க முடியாமல் தேய்ந்து மறையும். செல்லின் கருவில் உள்ள டிஎன்ஏ தப்பிவிடும்.

முதல் அடி, ஆர்என்ஏவுக்கான மூலப்பொருளான யூரிடினில். ரோ-ஜீரோ செல்லுக்கு, அது வளரும் சத்துத் திரவமான மீடியத்தில் யூரிடினும் பைருவேட்டும் கட்டாயம். யூரிடின் தயாரிக்கும் பாதையில் ஒரு நொதி மைட்டோகாண்ட்ரியா மூச்சுவிடப் பயன்படுத்தும் எலக்ட்ரான் சங்கிலியை நம்பியிருக்கிறது. சங்கிலி போனால் செல்லால் அதைத் தானே செய்துகொள்ள முடியாது. ஃபிரிட்ஜில் 'முழு மீடியம்' என்று எழுதிய பாட்டிலை நம்பி எடுத்து ஊற்றினேன். அதில் யூரிடினே இல்லை. ஒரு வாரத்தில் மொத்தமும் செத்து மிதந்துவிட்டது. அடுத்தவர் கலந்த பாட்டிலை அதன்பின் நான் தொடுவதில்லை.

மறுபடி ஆறு வாரம். இந்த முறை, டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆரில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ துளியும் இல்லை. அது குறிக்கும் காக்ஸ்-2 புரதமும் இல்லை. அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

படத்துக்காக, டிஎன்ஏவை ஒளிரவைக்கும் டேப்பி சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். கருவைச் சுற்றிலும் பொடிப்பொடியாகப் புள்ளிகள். சாதாரண செல்லாக இருந்தால் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ திரள்கள் என்று விட்டிருப்பேன். ஆனால் இதில் அந்த டிஎன்ஏவே இல்லையே! பிசிஆர்தான் தவறோ என்று மூன்று முறை திரும்பச் செய்தேன், பிரைமர் மாற்றினேன், எத்திடியத்தை இன்னும் இரண்டு வாரம் நீட்டினேன். எல்லாம் வீண். மைக்ராஸ்கோப் அறையைப் பார்த்துக்கொள்ளும் அக்காதான் ஃபோகஸைத் திருகிக்கொண்டே கேட்டார்: "செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல வெத்து இடத்துலயும் புள்ளி இருக்கே, அங்க எப்படிம்மா மைட்டோகாண்ட்ரியா வரும்?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் மைக்கோபிளாஸ்மா டெஸ்ட் செய்தேன். ஜெல்லில் அதற்கான பட்டை பளிச்சென்று வந்தது. எத்திடியம் போடாத தாய் செல்லிலும் அதே பட்டை.

இதை ஆரம்பத்திலேயே செய்யக் கேட்டிருந்தேன் என்பதுதான் இன்றுவரை ஆறாதது. "நம்ம லேப்ல அதெல்லாம் வராது, கிட் வீண்" என்றார் சீனியர். நானும் மேலே பேசவில்லை. நைட்ரஜன் தொட்டியிலிருந்து எடுத்த, வயல் என்று நாங்கள் சொல்லும் அந்தச் சிறு குப்பியில் செல்லின் பெயர் தவிர தேதி இல்லை, எத்தனையாவது பாசேஜ் (பிரித்து வளர்த்த முறை) என்று இல்லை, யார் உறைய வைத்தார்கள் என்றும் இல்லை. பதிவேட்டில் அந்த வரியே காலி.

இந்தத் துறைக்காரர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மற்ற லேபில் மைக்கோபிளாஸ்மா வந்தால் ஏதாவது ஒரு அறிகுறி உறுத்தும். நமக்கு உறுத்தாது. மீடியம் சீக்கிரம் மஞ்சளாகிறதா? மூச்சுவிட முடியாத செல் குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக்கித் தள்ளுகிறது என்று நினைத்துக்கொள்வோம். புற்று செல் அப்படிச் செய்யும் என்று ஜெர்மன் விஞ்ஞானி வார்பர்க் 1920களிலேயே காட்டியிருக்கிறாரே. வளர்ச்சி மந்தமா? ரோ-ஜீரோ அப்படித்தான் வளரும். சைட்டோபிளாசத்தில் டிஎன்ஏ புள்ளியா? மைட்டோகாண்ட்ரியா. ஒவ்வொன்றுக்கும் பாடப்புத்தகத்திலிருந்தே விளக்கம் கிடைத்துவிடும். நான் அப்படித்தான் ஏமாந்தேன்.

மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்றார்கள். பென்சிலின் இதனிடம் செல்லாது. அது தாக்கும் செல் சுவரே மைக்கோபிளாஸ்மாவுக்குக் கிடையாது. இதனிடம் வேலை செய்யும் மருந்துகளில் பல, டாக்சிசைக்ளின் மாதிரி, பாக்டீரியாவின் ரைபோசோமைப் பிடிப்பவை. மைட்டோகாண்ட்ரியாவும் ஒரு காலத்தில் பாக்டீரியாவாக இருந்ததுதான். அதன் ரைபோசோமையும் அவை விடாது. மைட்டோகாண்ட்ரியாவை அளக்கப் போகும் செல்லுக்கு அந்த மருந்தை ஊற்ற எனக்கு மனம் ஒப்பவில்லை. பிளீச் ஊற்றினேன், இன்குபேட்டரைக் கழுவினேன், செல்களின் உயிர்ப்பை அளக்கும் எம்டிடி அளவீடுகள் உட்பட எல்லாத் தரவையும் ஒதுக்கினேன்.

செல் வங்கியிலிருந்து புது வயல் வந்தது. இரண்டு வாரம் தனி இன்குபேட்டரில் வைத்து, எஸ்டிஆர் என்ற டிஎன்ஏ அடையாளமும் சரிபார்த்த பிறகே, கிருமி புகாமல் வேலை செய்யும் பொது ஹூடுக்குக் கொண்டுபோனேன். மைக்கோபிளாஸ்மா டெஸ்டுக்கு எடுக்கும்போது ஒரு விஷயம்: ஆன்டிபயாடிக் இல்லாமல் சில நாள் வளர்த்து, ஃபிளாஸ்க் நிறைந்த நிலையில் பழைய மீடியத்தை எடுங்கள். புதிதாக மீடியம் மாற்றிய மறுநாளே எடுத்தால் இருப்பதும் சிக்காமல் போகலாம். ஹூடில் மூடி திறந்திருக்கும்போது பேசாதீர்கள். நம் வாயில் வாழும் இனமே கல்ச்சரில் அடிக்கடி பிடிபடுகிறது.

இம்முறை எத்திடியம் கட்டம் சிக்கலின்றி முடிந்தது. செல் ஆக்சிஜன் செலவிடும் வேகத்தை அளக்கும் சீஹார்ஸ் கருவிக்கு மூன்று வாரம் காத்திருந்து இடம் வாங்கினேன். தாய் செல்லில், மைட்டோகாண்ட்ரியாவின் ஏடிபி உற்பத்தியை நிறுத்தும் ஒலிகோமைசின் விட்டதும் ஆக்சிஜன் கோடு இறங்கியது, மூச்சை முழு வேகத்துக்குத் தூண்டும் எஃப்சிசிபி விட்டதும் எகிறியது. ரோ-ஜீரோவில் எதை விட்டும் அசைவில்லை. தரையோடு தரையாகத் தட்டையாகவே போனது. டேப்பி படத்தில் கரு மட்டும் தெரிகிறது, சுற்றிலும் கும்மிருட்டு. மைக்ராஸ்கோப் அறை அக்காவிடம்தான் அதை முதலில் காட்டினேன்.